முக்கால் இஞ்சு

தக்கலையில் பாதிப் பேருக்குத் தோள் சமமில்லை.
எனக்கு இதைச் சொன்னது நாடா.
வங்கி மேனேஜரம்மாவுக்கு வலது தாழ்வு,
கணக்கு டீச்சருக்கு இடது.
தலையில் மீன்குட்டை சுமக்கும்
குளச்சல் மரியதங்கத்துக்கு மட்டும்
இரண்டும் ஒரே கோடு.
யாரிடமும் வாய் திறந்ததில்லை.
ஒரு பக்கம் அரை நூல் ஏற்றி வெட்டிவிடுவேன்.
கண்ணாடி முன் நின்று
"உங்க கையில என்னமோ இருக்கு" என்பார்கள்.

எனக்குத் தைப்பதை ராத்திரிக்கு வைத்துக்கொள்வேன்,
ரெஜிலா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போன பிறகு.
இடது தோளுக்குள் பஞ்சு.
வலது பக்கத் தையலில் கூடுதல் துணி.
பதினாறு வயதில் அது கால் இஞ்சு.
ஐம்பத்து மூன்றில் முக்கால்.
நாடாதான் பழசாகி இழுத்துவிட்டது என்று
புதிது ஒன்று வாங்கினேன்.
அதுவும் முக்கால் என்றது.

நாகர்கோவிலில் படம் எடுத்தார்கள்.
வெளிச்சப் பலகையில் செருகியதும்
காளிகேசம் போகிற ரோடு மாதிரி இருந்தது.
"நாற்பத்தொண்ணு டிகிரி" என்றார் டாக்டர்.
இன்னொரு தாளைப் புரட்டினார்.
"எலும்பும் மெலிஞ்சிருக்கு. மைனஸ் ரெண்டு புள்ளி எட்டு."
மைனஸில் எனக்குத் தெரிந்தது
ஆடி மாதக் கடைக்கணக்கு ஒன்றுதான்;
அது ஓணத்தில் சரியாகிவிடும்.
"கம்பி வைக்கணுமா சார்?"
"இப்ப வேண்டாம்.
நேராக்குறது இல்ல நம்ம வேலை.
இதுக்கு மேல சாயாம பாத்துக்கிடணும்."

ஆஷ்லின் ஜெபாவுக்கு வயது இருபத்தாறு.
கழுத்திலிருந்து இடுப்புவரை
பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள்,
நான் துணியில் வைப்பது போல.
ஜாக்கெட்டைத் திருப்பித் தரும்போது
"நாளைக்குப் பஞ்சை எடுத்துட்டு வாங்க" என்றாள்.
முப்பத்தேழு வருஷத்தில்
என் தையலைப் பிடித்தவள் அவள் ஒருத்திதான்.

வலது விலா புடைத்திருக்கிறதாம், இடது குழிந்திருக்கிறதாம்.
குழிக்குள் மூச்சை அனுப்ப வேண்டுமாம்.
எப்படி அனுப்ப?
மூச்சுக்கு விலாசம் எழுத முடியுமா?
அணையில் ஷட்டர் திறந்த அன்றே
கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் வந்துவிடுமா?
வழியில் எத்தனை மடை, எத்தனை மண்வெட்டி.
நாலாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை,
இடது விலாவுக்கடியில்
காய்ந்த வரப்பு ஓரம் நனைவது போல
ஏதோ லேசாக விரிந்தது.
எனக்கு அழுகை வந்துவிட்டது.
"எண்ணுங்க, எண்ண விட்டுட்டீங்க" என்றாள் அவள்.

இப்போது காலை ஏழு மணிக்கு
கடைக்குள் கரி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி இறக்குகிறேன்.
ஆறு கிலோ. நெருப்பில்லை.
பத்து முறை, மூச்சு, மறுபடி பத்து.
எதிர் டீக்கடை விஜூஸ் எட்டிப் பார்த்தான்.
"அக்கா, கரண்டு போச்சா?"

மொட்டைமாடியில் கொஞ்சம் வெயில்.
மத்தியானம் சாளையை முள்ளோடு மெல்கிறேன்.
ஞாயிறு விடிந்ததும் ஒரு மாத்திரை,
ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர்;
அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, குனியவும் கூடாது.
முதல் ஆராதனை ஆறரைக்கு.
சபை மொத்தமும் தலை குனிகிற நேரம்
நான் மட்டும் நிமிர்ந்து நிற்கிறேன்.
பின் வரிசையில் முணுமுணுக்கிறார்கள்.
கர்த்தருக்கு என் மருந்துச் சீட்டு தெரியும்.

வலி போய்விட்டதா என்கிறார்கள்.
இல்லை.
கிறிஸ்துமஸ் துணி குவிகிற வாரங்களில்
ராத்திரி ஒன்பதுக்கு வந்து
பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.
முன்பெல்லாம் மத்தியானமே வந்துவிடும்.

வருஷம் முடிந்து மறுபடி படம்.
அதே நாற்பத்தொன்று.
"கூடலை" என்றார் டாக்டர்.
ஒரு வார்த்தைக்கு
இத்தனை இஸ்திரிப் பெட்டி தூக்க வேண்டியிருக்கிறது.

நேற்று பட்டப்பகலில்,
மூன்று பேர் பெஞ்சில் காத்திருக்க,
ரெஜிலாவிடம் நாடாவை நீட்டினேன்.
"எனக்கு அளவெடு."
இதுவரை யாரும் என்னை அளந்ததில்லை.
அவள் விரல் தோளில் நின்றது.
மறுபடி அளந்தாள்.
சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டு,
"அக்கா, இடது முக்கால் இஞ்சு..."
"சத்தமா சொல்லு பிள்ளே" என்றேன்.
"சொல்லிட்டு எழுது."